வேஷமில்லாமல் ஒரு படம்கூட இல்லை

கிரேஸியின் கணவர் ஜஸ்டின் கூப்பிட்டபோது நாங்கள் கொல்லயில் என்ற எங்கள் ஊரின் வாசகசாலை மாடியில் நாடக ஒத்திகையில் இருந்தோம். தகரக் கூரையில் மழை அடித்த சத்தத்தில் அவர் முதலில் சொன்னது காதில் விழவில்லை. மறுபடி கேட்டேன். "சுஜா, இனி ஆசுபத்திரிக்கு வராண்டாம். வீட்டுக்கு வாங்க" என்றார். பக்கத்தில் இருந்த குழுத்தோழி பீனாவிடம் போனை நீட்டினேன். அவள் அதை வாங்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே ஓடிப்போய்த் தன் ஆட்டோவைக் கிளப்பினாள்.

பாறசாலையிலும் அதியன்னூரிலும் கிரேஸியை மேடையில் பார்த்த உங்களுக்கு அவள் குரல் தெரியும். பகலெல்லாம் அவள் நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் நின்றபடியே சேலை விரித்துக் காட்டியவள் என்பது சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். வேலை முடிந்து, வீங்கிய காலோடு பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக ஒத்திகைக்கு வருவாள். எங்கள் குழுவில் எல்லாரும் அப்படித்தான். நான் தையல்காரி. பீனா ஆட்டோ ஓட்டுகிறவள், மேடை விளக்குகளும் அவள் பொறுப்புதான். ஓமனா அக்கா சாயாக்கடை வைத்திருக்கிறார். விளக்குகளை நகரத்து நாடகப் பெண்கள் இரவல் தருவார்கள். ஒருத்தி மேடையில் நின்றால் அவள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொருத்தி சோறு போடுவாள். இந்த ஏற்பாட்டைத் தொடங்கி வைத்தவள் கிரேஸி.

என் முதல் நாடகத்தன்று மகளுக்குக் காய்ச்சல். திரைக்குப் பின்னால் நின்று நான் வசனத்தை மறந்துகொண்டே இருந்தேன். கிரேஸி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஓமனா அக்காவை என் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்து சொன்னாள்: "நடிக்க வாறவ அடுப்ப அணச்சிட்டு வரணும் மக்கா. உள்ள அடுப்பு எரிஞ்சா வசனம் கரிஞ்சு போவும்." பிறகு என் முதுகில் கைவைத்து மேடைக்குத் தள்ளிவிட்டாள்.

நகரத்தில் நடந்த ஒரு விழாவில் எங்கள் பேச்சைக் கேட்டு முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். தமிழுமில்லை, மலையாளமுமில்லை என்றார்கள். அடுத்த முறை நல்ல மலையாளத்தில் பேசிவிடலாமா என்று நான் கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "சிரிக்கவன் சிரிக்கட்டு. இது எங்க அம்மை என்ன ஏசின பாஷை ஆக்கும். இதுலதான் எனக்கு அழ வரும்."

இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுவிட்டன என்று தெரிந்த பிறகும் அவள் நடிப்பை விடவில்லை. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் ஒத்திகை என்று மாற்றிக்கொண்டோம். நாள் முழுவதற்கும் அவளுக்கு அனுமதித்த தண்ணீர் ஒரு சின்ன பாட்டில் அளவுதான். கடைசியாக அவள் நடித்த நாடகத்தில், வயலிலிருந்து வரும் ஒரு பெண் செம்போடு தூக்கித் தண்ணீர் குடிக்கிற காட்சி உண்டு. எடுத்துவிடலாம் என்றோம். அவள் விடவில்லை. வெறும் செம்பைத் தூக்கி, தலையைச் சாய்த்து, தொண்டை ஏறி இறங்கக் குடித்தாள். பக்கத்தில் நின்ற எனக்கு என் வசனம் வரவில்லை. நாடகம் முடிந்ததும் கூட்டத்திலிருந்து ஒரு அம்மா டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்தார். "இன்னும் கொஞ்சம் குடி மோளே, நல்ல தாகமில்லியா உனக்கு" என்றார். கிரேஸி டம்ளரை வாங்கி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். உதட்டை மட்டும் நனைத்துத் திருப்பிக் கொடுத்தாள். அன்றுதான் அவள் அழுது நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

வேறு சிறுநீரகம் வைத்தால் பிழைப்பாள் என்றார்கள். ஜஸ்டினுக்குச் சர்க்கரை நோய், அவர் தர முடியாது. அவள் தங்கையின் ரத்தம் சேரவில்லை. குழுவில் நாங்கள் நான்கு பேர் பரிசோதனைக்குப் போனோம். என்னுடையது பொருந்தியது. "உனக்கு ஒண்ணு ஆச்செங்கி பிள்ளைகள ஆரு பாப்பா?" என்று என் கணவர் கேட்டார். வாசலில் நின்ற பீனா உள்ளே வந்து, "நாங்க உண்டு அண்ணா" என்றாள். அவர் தலையசைத்தார். மறுத்தது கிரேஸிதான். பல நாள் என்னோடு பேசவில்லை. ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து படுத்திருந்தவள் என் கையைப் பிடித்து இழுத்து, "எனக்குச் சாவப் பயமா இருக்கு மக்கா. தா" என்றாள்.

உறவில்லாதவர் உறுப்பு தருவதென்றால் ஒரு அனுமதிக் குழுவின் முன்னால் நின்று, பணத்துக்காக அல்ல, பாசத்தால்தான் தருகிறோம் என்று நிரூபிக்க வேண்டும். போனோம். "இவர் உங்களுக்கு என்ன உறவு?" என்றார்கள். "நாடகத்துல தங்கச்சி" என்று கிரேஸி சொன்னாள். நடுவில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, இங்கே நாடகம் வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள் என்றார். நெருக்கத்துக்குச் சான்றாகப் புகைப்படங்கள் கேட்டார்கள். என் போனில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஒன்றில் அவள் எனக்கு மாமியார், ஒன்றில் பிரேதம், ஒன்றில் நாங்கள் இரண்டு போலீஸ்காரர்கள். வேஷம் போடாமல் நாங்கள் இருவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை. இன்னும் சான்றுகளோடு அடுத்த கூட்டத்துக்கு வரச் சொன்னார்கள்.

திரும்பும் பஸ்ஸில் கிரேஸி ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "சீவிதத்துல மொதத் தடவ நடிக்காம நின்னோம். நம்பல்லியே மக்கா."

அடுத்த கூட்டம் வருவதற்குள் டயாலிசிஸ் குழாய் வழியாகக் கிருமி ஏறிவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் என்னை ஒருமுறை உள்ளே விட்டார்கள். அவளுக்கு மூச்சு வாங்கியது. "நாடகம்?" என்றாள். உனக்காக நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னேன். அவள் கண்களில் பயம் வந்தது. "நிறுத்தாத. ஒருக்க வீட்டுக்குள்ள இருந்துட்டா பின்ன ஒருத்தியும் வரமாட்டிய." அதற்காகத்தான் அந்த மழையில் வாசகசாலை மாடியில் கூடியிருந்தோம். அவள் வசனங்களை ஓமனா அக்கா பார்த்து வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஜஸ்டினின் அழைப்பு வந்தது.

அடக்கம் முடிந்த பிறகு மாடியைத் திறக்கவில்லை. ஓமனா அக்கா கடையை விட்டு வருவதில்லை. பீனா, விளக்குகளை நகரத்துக்குத் திருப்பிக் கொடுக்கட்டுமா என்று கேட்டாள். கிரேஸி பயந்தது நடந்துகொண்டிருக்கிறது, அதை நடத்துகிறவர்கள் நாங்களேதான் என்று தெரிகிறது. தெரிந்தும் எழுந்து போக முடியவில்லை. அவளைத் தெரிந்தவர்களே, உங்களில் யாராவது வந்து அந்தக் கதவைத் தட்டுங்கள்.

அவளுடைய சேலைகளைத் தங்கை எடுத்துக்கொண்டாள். என்னிடம் இருப்பது வேறு. மருத்துவர்கள் பார்த்துவிட்டு, நல்ல நிலையில் இருக்கிறது, கொடுக்கலாம் என்றார்கள். அவள் கை நீட்டி "தா" என்று கேட்ட அன்றே அதை நான் மனதால் கொடுத்துவிட்டேன். காலையில் எழுந்து தண்ணீர் குடிக்கும்போதெல்லாம், இடது விலாவுக்குக் கீழே, அந்தச் சிறுநீரகம் அவளுக்காக வேலை செய்துகொண்டிருக்கிறது. அதை என்னுடையது என்று எண்ண இன்னும் எனக்கு வரவில்லை.