மத்தாப்புக்கு இரண்டு மணி நேரம்

ஆமத்தூரில் இருந்து தினமும் பட்டாசுக் கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்குப் போகிறேன். என் மகள் செல்வி ஆசையாக வளர்க்கும் கினிப் பன்றியின் பெயர் மத்தாப்பு. போன மாதம் அதற்குச் சளி பிடித்து மூச்சு இழுத்தது. கால்நடை டாக்டரம்மா கிருமியைக் கொல்ல ஒரு சொட்டு மருந்தும், வயிறு கெடாமல் இருக்க நல்ல கிருமி கலந்த பொடியும் கொடுத்தார். மருந்து கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பொடி என்றார்.

எனக்கோ காலை ஏழு மணிக்கே கம்பெனி வேன் வந்துவிடும். ‘எல்லாம் ஒரே வயிற்றுக்குத்தானே போகிறது’ என்று இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலந்து கொடுத்தேன். மூன்றாம் நாள் அதற்கு வயிற்றுப்போக்கு. புல்லைக்கூடத் தொடவில்லை. செல்வியும் சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டாள். மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டு டாக்டரம்மாவிடம் ஓடி, இரண்டையும் கலந்து கொடுத்ததைச் சொன்னேன்.

“கம்பெனில எல்லா வேலையும் ஒரே ரூம்லயா செய்யிறீக?” என்று கேட்டார்.

“ஐயையோ, வெடிச்சிரும்லம்மா!”

“இதுவும் அப்படித்தான். ஒண்ணாக் குடுத்தா மருந்து நல்ல கிருமியவும் சேத்துக் கொன்னுரும். இன்னும் ஒரு நா விட்டிருந்தீகன்னா தாங்கியிருக்காது.”

அவர் சொன்னபடி இரண்டு நாள் உணவைக் கரைத்து ஊட்டினோம். அடுத்த நாள் கொத்தமல்லிக் கட்டைப் பார்த்ததும் மத்தாப்பு கீச்சென்று கத்தியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதன்பின் காலை ஐந்து மணிக்கு விளக்கேற்றியதும் மருந்து, ஏழு மணிக்குப் பொடி. “யக்கா, பன்னி சாப்பிட்டாச்சா? கெளம்பலாமா?” என்று வேன் டிரைவர் கேலி செய்வார். செய்யட்டும். அம்மனுக்கு நேர்ந்ததைத் தவறவிட மாட்டேன். டாக்டர் சொல்லும் நேரத்தையும் இப்போது அப்படித்தான் காக்கிறேன்.