நிக்கலுக்குப் பூசிய விபூதி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பார்கள். பொய்யில்லை. எங்கள் ஊர் காணையில் வரப்புத் தகராறு வந்தபோது என் மனைவியின் அண்ணனும் நானும் மண்வெட்டியைத் தூக்கிவிட்டோம். அவர் என் தோளில் போட்டார், நான் அவர் முட்டியைப் பெயர்த்தேன். அன்றைக்கே என் மனைவி வாசலில் மறித்துச் சொன்னாள்: "யோவ், இனிமே எங்க அண்ணன் மேல கை வெச்சன்னு கேள்விப்பட்டன், தாலிய கழட்டி உன் கையில குடுத்துட்டுப் போய்க்கினே இருப்பேன்." சொன்னால் செய்கிறவள்.

அப்புறம் கரும்பு விளைச்சல் மச்சானைக் கைவிட்டது. அவள் கேட்டுக்கொண்டதால், நான் வேலை பார்க்கும் இடத்திலேயே அவரைச் சேர்த்துவிட்டேன். ஒலக்கூர் பக்கம் ஒரு சோதனைக் கொட்டகை. நிலக்கரியை எண்ணெயாக்கிப் பார்க்கிற வேலை. கரித்தூளைக் கரைக்க ஒரு கரைப்பான் வேண்டும். எங்கள் கரைப்பான் வேறொன்றுமில்லை, பீரோவில் போடும் பாச்சா உருண்டைதான். அதில் முதலில் ஹைட்ரஜனை ஏற்றி, எண்ணெய்போலத் திரவமாக்க வேண்டும். அந்த ஹைட்ரஜனைக் கரிக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும், மறுபடி ஏற்ற வேண்டும். உருண்டையையும் ஹைட்ரஜனையும் சேர்த்து வைக்கிற தரகன் நிக்கல் தூள், சாம்பல் நிறச் சேறு. தண்ணீருக்குள் கிடக்கும்வரை அது சாது. காய்ந்து காற்றுப் பட்டதோ, தானே பற்றிக்கொள்ளும், தீக்குச்சிகூட வேண்டாம்.

இதை அவரிடம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். "பேஜாரு பண்ணாத மாப்ள, எனக்குத் தெரியாதா?" என்பார்.

ஆயுத பூஜை வந்தது. நல்லவேளை, ரியாக்டரில் இருந்த ஹைட்ரஜனை முந்தின நாளே இறக்கிவிட்டிருந்தேன். இல்லாவிட்டால் இதை எழுத ஆள் இருந்திருக்காது. அவர் புது வேட்டியில் வந்து கொட்டகையையே கழுவித் தள்ளினார். ஸ்பானர்களை வரிசையாக அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்தார். பம்பைக் கரைப்பானால் துடைத்ததில் வேட்டியெல்லாம் நனைந்து பாச்சா உருண்டை நாற்றம். நான் பொரி வாங்கத் திண்டிவனம் போய்த் திரும்பினால், நிக்கல் சேறு அப்பிய வடிகட்டி தண்ணீர்த் தொட்டியில் இல்லை, அவர் மடியில் இருக்கிறது. வெயிலில் காயவைத்து எடுத்து, அதற்கு விபூதிப் பட்டை போட்டுக்கொண்டிருக்கிறார்!

"அடப்பாவி மச்சான்! அத ஏன்யா காய வெச்ச?"

"ஈரத்துல விபூதி ஒட்டாது மாப்ள."

சொல்லிக்கொண்டே மூன்று விரலால் அழுத்தி இழுத்தார். காய்ந்த ஏடு உடைந்து உள்ளே சிவந்தது. அடுத்த மூச்சில் வேட்டி பற்றிக்கொண்டது.

அவர் ஓடப் பார்த்தார். ஓடினால் செத்தார். எனக்குத் தாலியும் ஞாபகம் வந்தது, அவர் பிள்ளைகளும் ஞாபகம் வந்தார்கள். எட்டி உதைத்துக் கீழே தள்ளி, வாசலில் கிடந்த ஈரச் சாக்கை எடுத்து அடித்தேன். நெருப்பு இடுப்பிலிருந்து மார்புக்கு ஏறியது. ஏறிய இடத்தில் எல்லாம் அடித்தேன். சாக்கு போதாமல் கையால் அறைந்தேன். என் உள்ளங்கைத் தோல் அவர் பனியனோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"வரப்ப மனசுல வெச்சிக்கினு கொல்றான்டா!" என்று அலறினார். கைக்கு எட்டிய ஸ்பானரைச் சந்தனத்தோடு எடுத்து என் தாடையில் இறக்கினார். பல் தெறித்தது. விடவில்லை நான். கடைசிப் பொறியும் அணைந்து, "முடிஞ்சிது மச்சான், முடிஞ்சிது" என்று நான் மூச்சு வாங்கும்போது இன்னொன்று இறக்கினார், காதுக்கு மேலே. அலறல் கேட்டு ஓடி வந்த லோடு ஆட்கள் கண்டதெல்லாம், கருகிக் கிடக்கிற மனிதர்மேல் நான் உட்கார்ந்திருந்ததைத்தான். பூஜைக் கரும்பாலேயே என்னை விளாசித் தள்ளினார்கள். கரும்பு இனிக்கும் என்று எவன் சொன்னான்?

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் எங்களை அடுத்தடுத்த கட்டிலில் போட்டார்கள். என் மனைவி வந்தாள். லோடு ஆட்கள் அவளிடம் ஏற்கெனவே ஓதியிருந்தார்கள்.

"கை வெச்சியா?"

"வெச்சேன்."

அவள் கை கழுத்துக்குப் போனது. எனக்கு உயிரே போய்விட்டது.

"தங்கச்சி," என்றார் அவர், கட்டுகளுக்குள்ளிருந்து. "அவன் கை வெக்கலன்னா, நீ இந்நேரம் எனக்குப் பால் ஊத்திக்கினு இருப்ப."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுது முடித்துத்தான் என் முகத்தைப் பார்த்தாள். "இத யாரு பண்ணது?"

"நான்தான்," என்றார். "மொத அடி பயத்துல அடிச்சிட்டேன்."

"அப்ப ரெண்டாவது?" என்றேன் நான், ஓட்டைப் பல்லோடு.



"அது வரப்புக்கு மாப்ள."