தோற்றுக் காட்டும் வேலை

அந்த விடுதியில் அவரைத் தோத்தாங்கோளி என்றுதான் கூப்பிடுவார்கள். சமையல்காரர் வைத்த பெயர். அவர் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது, பார்க்கிற வேலையே அதுதானே! விடுமுறைக்குக் குடும்பம் குடும்பமாக வந்து தங்குகிறவர்களின் பிள்ளைகளோடு கேரம் ஆடித் தோற்பது. அதற்குச் சீருடை உண்டு, சட்டைப் பையின் மேல் ‘விளையாட்டு மாமா’ என்று தைத்த பட்டை உண்டு, மாதம் பிறந்தால் சம்பளமும் உண்டு.

இளவயதில் அவர் தோற்கிற ஆள் இல்லை. மின்விசிறித் தொழிற்சாலையில் வேலை, மாலையானால் தொழிலாளர் மன்றத்தில் கேரம். அவர் பலகைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் எதிரே உட்கார ஆளைத் தேடிப் பிடித்து வர வேண்டும். தொழிற்சாலையை மூடினார்கள். இரண்டு மூன்று இடங்களில் எடுபிடியாக அலைந்துவிட்டுக் கடைசியில் இந்த விடுதிக்கு வந்து சேர்ந்தார். முதல் நாளே வந்த பிள்ளைகளையெல்லாம் வரிசையாகத் தோற்கடித்து, வரிசையாக அழவைத்து அனுப்பினார். மேலாளர் அம்மா கூப்பிட்டு விட்டார்.

“இது போட்டி இல்லைங்க. லீவுல பிள்ளைங்க நாலு பேரோட பழகணும், பொறுமை வரணும், தோத்தாலும் முகம் சுளிக்காம கைகுடுக்கணும். யாராவது செஞ்சு காட்டினாத்தானே அதெல்லாம் வரும்? நீங்க தோத்துக் காட்டுங்க.”

அப்படியானால் பெற்றவர்கள் எதற்கு என்று கேட்க அவருக்கு வாய் வரை வந்தது. பெற்றவர்கள் விளையாட்டுக் கூடத்தின் சுவரோரம் சோபாவில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு கைபேசி. ‘குடும்ப நேரம்’ என்று அந்தக் கூடத்துக்குப் பெயர் வைத்தவருக்குக் குசும்பு ஜாஸ்தி.

தோற்பது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். ஜெயிக்கத் தெரியாதவனுக்குத் தோற்கவும் தெரியாது. காயைக் குழியின் வாய்வரை கொண்டுபோய், விழுகிற மாதிரி காட்டி, விளிம்பில் நிறுத்த வேண்டும். கொஞ்சம் கூடினால் விழுந்துவிடும், குறைந்தால் பிள்ளைக்குச் சந்தேகம் வந்துவிடும். நின்றதும் நெற்றியில் அடித்துக்கொண்டு, “அடடா! நூலிழையில போச்சே!” என்று அலற வேண்டும். ஆட்டம் முடிந்ததும் கைகொடுத்து, “சூப்பரா ஆடுனீங்க! எனக்கும் கொஞ்சம் கத்துக் குடுங்க” என்று சொல்ல வேண்டும். அவர் இதிலும் கெட்டிக்காரராகிவிட்டார். பிறவிக் கெட்டிக்காரரை எதில் போட்டால் என்ன!

நாள் முழுக்கத் தோற்றால் மனுஷனுக்குள் எங்கேயோ அரித்துக்கொண்டே இருக்கும். அந்த அரிப்பை அவர் வீட்டில் தீர்த்துக்கொண்டார்.

வீட்டில் கட்டிலுக்கடியில் பழைய மன்றத்துப் பலகை கிடந்தது. வார விடுமுறையில் அதை இழுத்துப் போட்டு மகளோடு உட்காருவார். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆட்டத்தில் அப்பனை உரித்து வைத்திருந்தாள். ஆனால் ஒருநாள்கூட அவர் அவளை ஜெயிக்க விட்டதில்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது அழுதுகொண்டே போவாள். பிறகு அழுவதை நிறுத்திவிட்டு, அவர் வேலைக்குப் போன நேரங்களில் தனியாக அடித்துப் பழக ஆரம்பித்தாள். ஒரே ஒரு தடவை அப்பாவை ஜெயித்துவிட வேண்டும். அந்தப் பிள்ளைக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

தையல் கடையில் வேலை பார்த்த மனைவி கேட்டுப் பார்த்தாள். “ஒரு ஆட்டம் விட்டுக் குடுத்தா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?”

“வெளியில யாரும் இவளுக்கு விட்டுக் குடுக்க மாட்டாங்க. இப்பவே பழகட்டும்” என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவருக்கே அது பொய் என்று தெரியும்.

தன் வேலை இன்னதென்று மகளிடம் அவர் சொன்னதில்லை. பிள்ளைகளுக்குக் கேரம் சொல்லித் தருகிறேன் என்று சொல்லி வைத்திருந்தார். அவளும் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்து வைத்திருந்தாள்.

பள்ளி விடுமுறை முடிகிற சமயம். தையல் கடையில் வேலை குவிந்து கிடந்தது, மனைவி வீடு திரும்ப இரவாகிவிடும். மகளைத் தனியாக விட மனமில்லாமல் அவர் விடுதிக்குக் கூட்டிக்கொண்டு போனார். “ஓரமா உக்காரு. யார்கிட்டயும் வாய் குடுக்காத” என்று கூடத்தின் மூலையில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார். அப்போதுதான் சமையல்காரர் தட்டோடு உள்ளே வந்து, “என்ன தோத்தாங்கோளி, இன்னிக்கு எத்தனை பேர்கிட்ட?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தபடி போனார். மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

எட்டு வயதுப் பையன் ஒருவன் எதிரே உட்கார்ந்தான். காயைக் கையால் நகர்த்துகிற பேர்வழி. அவனிடம் அவர் தோற்றார். நெற்றியில் அடித்துக்கொண்டார், கைகொடுத்தார், கத்துக் குடுங்க என்றார். அந்த வாண்டும் அவர் விரலைப் பிடித்து, எப்படிச் சுண்டுவதென்று சொல்லிக் கொடுத்தது. அவர் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார். மூலையிலிருந்து மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பையனுடைய அப்பாவுக்கு அன்றைக்கென்று கைபேசியிலிருந்து தலை நிமிர்ந்தது. “அந்தப் பாப்பாவும் விளையாடட்டுமே. நம்ம பையனுக்கு ஒரு ஃப்ரெண்டு கிடைச்ச மாதிரி இருக்கும்.”

மறுக்க முடியவில்லை. மகள் வந்து உட்கார்ந்தாள். பிறகு பையனுக்கு முறையே வரவில்லை. ஒரு கை விடாமல் சிவப்பைப் போட்டு, அதைத் தொடர்ந்து போட வேண்டிய ஃபாலோ காயையும் போட்டு, மிச்சக் காய்களையும் போட்டு முடித்துவிட்டாள். பையன் பலகையைப் புரட்டிவிட்டுக் கூடமே அதிரக் கத்தினான். கதவருகே மேலாளர் அம்மா வந்து நின்றார்.

வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அவருக்கு நாக்கு முந்திக்கொண்டது. “சின்னப் பையன்கிட்ட விட்டுக் குடுக்கத் தெரியாது உனக்கு? மன்னிப்புக் கேளு!”

“நீ எனக்கு எப்பப்பா விட்டுக் குடுத்தே?”

சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை. பதிலுக்கும் காத்திருக்கவில்லை. பையனிடம் மன்னிப்புக் கேட்டாள், தரையில் சிதறிய காய்களைப் பொறுக்கி அடுக்கினாள், மூலை நாற்காலிக்குத் திரும்பிப் போனாள். ‘ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்’ என்று எந்தப் புண்ணியவான் சொல்லி வைத்தானோ! வளரும்தான். எப்படி வளரும் என்று அவன் சொல்லவில்லை.

அடுத்த வார விடுமுறையில் அவரே பலகையை இழுத்துத் துடைத்து, பவுடர் தூவி, காய்களை அடுக்கினார். இன்றைக்குத் தோற்பது என்று முடிவு செய்திருந்தார். கூலிக்குத் தோற்பது போலில்லை, மனதாரத் தோற்க வேண்டும். அவள் குதிப்பதைப் பார்க்க வேண்டும்.

“வாம்மா, ஒரு ஆட்டம்.”

அவள் மறுபேச்சில்லாமல் வந்து உட்கார்ந்தாள்.

அவர் காயைக் குழி வாயில் நிறுத்தினார். அவள் அதை ஒரு பார்வை பார்த்தாள். தன் முறை வந்ததும், கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய ஒரு காயைச் சுண்டினாள். அது விளிம்பு வரை போய் நின்றது.

“அடடா!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். “நூலிழையில போச்சே!”

அவர் வேண்டுமென்றே தவறவிட்டார். அவளும் தவறவிட்டாள். நான்கு குழிகளின் வாயிலும் காய்கள் கூட்டம் போட்டு நின்றன.

“ஒழுங்கா ஆடும்மா” என்றார். குரல் கெஞ்சியது.

“ஒழுங்காத்தானே ஆடறேன்.”

அதற்குப் பிறகு அவருடைய காய்களை அவளே போட ஆரம்பித்தாள். தன் காய்களைத் தொடவில்லை. அவரும் தடுக்கப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் அவருடைய காய் ஒன்றுதான் மிச்சம். மூலையில், அவளுடைய காய்களுக்குப் பின்னால் ஒளிந்து கிடந்தது. எதிராளியின் கடைசிக் காயைப் போட்டால் ஆட்டம் எதிராளிக்கு. அவள் குனிந்து, ஒரு கண்ணைச் சுருக்கி, ஸ்ட்ரைக்கரை இரண்டு பக்கச் சட்டங்களில் மோதவிட்டு அந்தக் காயைக் குழிக்குள் தள்ளினாள். மன்றத்து நாட்களிலும் அப்படி ஓர் அடியை அவர் பார்த்ததில்லை. இவள் எப்போதிருந்து இப்படி ஆடுகிறாள்?

முகம் சுளிக்காமல் கையை நீட்டினாள். “சூப்பரா ஆடுனீங்க. எனக்கும் கொஞ்சம் கத்துக் குடுங்க.”

அவர் அந்தக் கையைப் பிடித்தார். வேறு என்ன செய்ய?

“யாருடி ஜெயிச்சது?” என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்.

“அப்பாதாம்மா” என்றாள் மகள், காய்களை டப்பாவில் போட்டு மூடிக்கொண்டே.