மதினி பாதியில் மூடிய துப்பறியும் கதை

முனியாண்டி சாமி கல்லுக்கு முன்னால் நின்றவர்கள் இவர்கள். பூசாரி. தோட்டத் தலைவர். சங்கிலியைத் தொலைத்த பக்கத்து வீட்டு அக்கா. அக்காவின் புருஷன். ஒரே கூரைக்குக் கீழே வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் வீட்டுக்கு ஒருவராக மற்றவர்கள். மதினி. மதினிக்குப் பின்னால் நான். அண்ணன் இல்லை. அவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார், மாதம் ஒரு தடவைதான் வருவார். அவர் இருந்திருந்தால் அன்றைக்கு வேறு மாதிரி ஆகியிருக்கும். இன்றைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். நினைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

மதினி என் அண்ணன் பெண்சாதி. உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்கள் நோர்வூட் பக்கம் வாழ வந்தவர். கொழுந்து எடுப்பதில் சுமார்தான். வாசிப்பதில் அவரைப் போல ஆள் எங்கள் லயத்தில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டு முன்பக்கத்து இஸ்தோப்பில் புத்தகத்தோடு உட்காருவார். நாங்கள் சுற்றி உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டே கேட்போம். எல்லாம் அண்ணன் ஹட்டனில் பழைய புத்தகமாக வாங்கிப்போட்ட துப்பறியும் கதைகள். கடைசியாக வாசித்தது ஒரு சின்னக் கிராமத்துக் கதை. பண்ணையார் வீட்டில் வைரத்தோடு காணாமல் போகிறது. குடையும் கையுமாக ஒருவர் துப்பறிய வருகிறார். சரியான இடத்தில் மதினி புத்தகத்தை மூடிவிட்டு, "எடுத்தது யாரு, சொல்லுங்க பாப்போம்" என்பார்.

"அந்தக் கணக்குப்புள்ளதான். பேச்சு தேனா ஒழுகுதே!" என்பார் பக்கத்து வீட்டு அக்கா.

"ஒனக்குக் கணக்குப்புள்ளன்னாலே ஆகாது. கொழுந்துல கிலோ வெட்டுறாருன்னு கோவம். அதுக்குக் கதையில வர்றவனையுமா புடிக்கணும்?" என்று இன்னொருத்தி இழுப்பாள். எல்லோரும் சிரிப்போம்.

"யார நம்ம சந்தேகமே பட மாட்டோமோ அவங்களத்தான் பாக்கணும். இந்த மாதிரிக் கதையில அப்படித்தான் வரும்" என்று மதினி சொன்னார். சொன்னது அவர்தான்.

அடுத்த கிழமை அக்காவின் சங்கிலி காணாமல் போனது. கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது செடியில் மாட்டும் என்று அதைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டுப் போவார். வீட்டுச் சாவியை மதினியிடம் கொடுப்பார். அத்தனை நம்பிக்கை. அன்றைக்கு மதினி வேலைக்குப் போகவில்லை. லயம் முழுக்கத் துப்பறிய ஆரம்பித்தது. யார் எப்போது வந்தார்கள், யார் எந்தப் பக்கம் போனார்கள் என்று பீலியில் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் அதே பேச்சு. "யார சந்தேகமே பட மாட்டோமோ..." என்று ஒருத்தி ஆரம்பித்து, மதினி வருவதைப் பார்த்து நிறுத்தினாள். மதினிக்கு அது கேட்டது. எனக்கும் கேட்டது.

அவர் வேலைக்குப் போகாத காரணம் எனக்கு மட்டும் தெரியும். காலையில் அவர் வாந்தி எடுத்தபோது பேசினைப் பிடித்தது நான்தான். அதற்கு முன் இரண்டு பிள்ளை தங்கவில்லை. இரண்டு தடவையும் முன்கூட்டியே சொல்லி, லயமே வந்து சந்தோஷப்பட்டு, பிறகு கலைந்தது. "இந்தத் தடவ வயிறு தெரியிற மட்டும் யாருக்கும் தெரியக் கூடாது. ஒங்க அண்ணனுக்கும்கூட. வாயத் தொறந்திராத புள்ள" என்று என் தலையில் கையை வைத்துச் சொன்னார்.

தலைவர்தான் கற்பூரம் என்று சொன்னார். எங்களிடம் அது பொலிசுக்கும் மேல். "எடுக்கவில்லை" என்று சொல்லி, முனியாண்டி கல்லுக்கு முன்னால் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைக்க வேண்டும். அக்காவின் புருஷன் முதல் ஆளாகப் போய்ப் பட்டென்று அடித்தார். பிறகு ஒவ்வொருவராக அணைத்தார்கள். மதினியின் முறை வந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரி கற்பூரம் அணைக்கக் கூடாது. உண்மையைச் சொல்லி அணைத்தாலும் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள்.

"அணைம்மா" என்றார் தலைவர்.

"நான் எடுக்கலங்க."

"எடுக்கலன்னா அணைக்கிறதுக்கு என்ன?"

மதினி ஓரடி பின்னால் நகர்ந்தார். காரணம் என் வாய் வரைக்கும் வந்தது. அவர் பின்னால் கையை நீட்டி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். அந்த நேரத்தில் சொல்லியிருந்தாலும் சாக்கு என்றுதான் சொல்லியிருப்பார்கள். கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது. அதோடு தீர்ப்பும் முடிந்தது.

அதற்குப் பிறகு பீலியில் மதினி குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டார்கள். கதை கேட்க யாரும் வரவில்லை. பாதியில் மூடிய புத்தகத்தை மதினி திறக்கவும் இல்லை. வயிறு தெரிந்ததும் நான் வீடு வீடாகப் போய்க் காரணத்தைச் சொன்னேன். "அப்ப புள்ளச் செலவுக்கு எடுத்திருப்பா" என்றார்கள். அண்ணன் வந்து கத்தினார், லீவு முடிந்து போய்விட்டார். ஏழாம் மாதம் மதினி தாய் வீட்டுக்குப் போனார்.

பிள்ளை பிறந்த பிறகு சங்கிலி கிடைத்தது. அக்கா வீட்டு அரிசி வாளிக்குள் கிடந்ததாம். அக்கா கழுத்தில் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. துப்பறிகிற ஆசை எல்லோருக்கும் தீர்ந்துபோயிருந்தது.

நான் நானுஓயா வரைக்கும் ரயிலில் போய், பிறகு பஸ் மாறி மாறி உடப்புசல்லாவைக்குப் போனேன். மதினி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"அரிசி வாளியிலயா?"

"ஆமா மதினி."

"அதுல தெனமும் அரிசி அள்ளுவாங்களே. அந்த வூட்ல அக்காவும் அவரும் மட்டுந்தானே?"

"ஆமா."

சிரித்தார். "இவ்வளவு லேசா வெச்சா அந்தப் புத்தகத்த ஒருத்தரும் வாங்க மாட்டாங்க புள்ள."

அந்தப் பிள்ளை இப்போது அங்கேதான் பள்ளிக்கூடம் போகிறான். அண்ணன் லீவுக்கு அங்கேதான் போகிறார். எங்கள் வீட்டில் அவர்கள் இருந்த காம்பராவில் விறகு அடுக்கியிருக்கிறோம். அக்காவும் புருஷனும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார்கள். அக்காவின் புருஷன் என்னைப் பார்த்தால் முதலில் சிரிக்கிறார். நானும் சிரிக்க வேண்டியிருக்கிறது. ஒரே சுவர்.

அன்றைக்கு உடப்புசல்லாவையிலிருந்து புறப்படும்போது, "வூட்டுக்கு வந்திருங்க மதினி" என்றேன்.

"லயத்துல எத்தன பேரு என்னைய வரச் சொன்னாங்க? எண்ணிச் சொல்லு" என்றார்.

என்னையும் சேர்த்து எண்ணிச் சொன்னேன்.

ஒன்று.