வேன் ஏறிப் போன வேப்பங்குழை

மதிய மணி அடித்து, பெண்கள் தூக்குச்சட்டியோடு மரத்தடிக்கு வந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. தாவரவியல் முடித்து, சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் மரம் பராமரிக்கச் சேர்ந்த முதல் ஆடி மாதம். அங்கே ரூமுக்கு ரூம் வேம்பு நிற்கும். வெடிமருந்து ரூம் சூடேறாமல் இருக்க அந்த நிழல்தான் காவல்.

அந்த வேம்புகள்தான் நுனியிலிருந்து கருகி வந்தன. தேயிலைக் கொசு என்று ஒரு பூச்சி குருத்தில் சாறு உறிஞ்சும்; அந்தப் புண் வழியாகப் பூஞ்சை நுழையும். கருகிய நுனியைக் கொஞ்சம் பச்சையோடு சேர்த்து வெட்டி, வெட்டியதை எரித்துவிட வேண்டும். வெட்டிவிட்டேன். எரிக்க?

போர்மேன் அண்ணாச்சி சிரித்தே விட்டார். “பட்டாசு கம்பெனிக்குள்ள தீ வைக்கணும்னு கேட்ட மொத ஆளு நீதாம்மா! வெளங்கிரும்.”

கேட் பக்கம் குவியல் அப்படியே கிடந்தது. இருக்கன்குடி அம்மன் கோயிலில் ஆடிக் கடைசி வெள்ளி நெருங்கிக்கொண்டிருந்தது. கருகிய நுனியை ஒடித்துப் போட்டால் மீதி பச்சைக் குழைதானே?

“அக்கா, வாசல்ல கட்டக் குழை வேணுமா?” என்று முத்துமாரி அக்காவிடம் கேட்டேன். அவர் திரி அடுக்குகிறவர்.

“இதக் கேக்கணுமாக்கும்! அள்ளிப் போடு தாயி. ஆத்தா ஒனக்குச் சீக்கிரம் ஒரு மாப்பிள்ளையக் காட்டுவா.”

“மரம் ஏறுற பிள்ளைக்கு எவன் வருவான்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஒரே சிரிப்பு.

சாயங்காலம் பெண்களை ஊருக்கு ஏற்றிப்போகும் எல்லா வேன்களும் குழை கட்டிக்கொண்டு கிளம்பின. குவியல் காலி. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மழை விழுந்த பிறகு முத்துமாரி அக்கா ஒருநாள் சொன்னார்: “எங்க தெரு மரமும் கருகுது தாயி. வந்து பாக்குறியா?”

தெருவுக்கு அது ஒன்றுதான் மரம். கம்பெனி வேன் அதனடியில்தான் நிற்கும். பொந்தில் ஒரு ஜோடிப் புள்ளி ஆந்தை. மின்கம்பிக்காகப் பலமுறை வெட்டுப்பட்டு ஏற்கெனவே மெலிந்த மரம். தாழ்ந்த கிளையில் ஏதோ தொங்கியது. ஆடியில் நான் கொடுத்த குழை, வேனிலிருந்து கிளையில் சிக்கி, கட்டு அவிழாமல், காய்ந்து.

நோய் அதிலிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. காற்றிலும் மழையிலும் வந்திருக்கலாம். ஆனால் கொடுத்தது நான். கோடையில் அந்த மரம் துளிர்க்கவில்லை. அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“நீ தெரிஞ்சா குடுத்த?” என்றார். பட்ட மரத்தை அண்ணாந்து பார்த்து, “இனி வேன் வர்ற வரைக்கும் நாங்க எங்கன நிக்க?”



படிப்பில் ‘எரிக்கவும்’ என்று ஒரு வரியில் முடிந்துவிடும். எரிக்க முடியாத இடத்தில் என்ன செய்வது என்பதை, வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

இந்த ஆடிக்குக் கம்பெனிக்கு வெளியே ஆழமாகக் குழி வெட்டியாயிற்று. வெட்டிய கிளை அன்றே மண்ணுக்குள் போகும். ஒரு குழைகூட வேன் ஏறாது. பட்ட மரத்தின் கிளைகளை மட்டும் கழித்துவிட்டு, அடிமரத்தை ஆந்தைகளுக்கு விடச் சொல்லித் தெருவில் கேட்டிருக்கிறேன். பக்கத்தில் புங்கமும் பூவரசும் நடப்போகிறேன். நிழல் விழப் பல வருஷம் ஆகும். அதுவரை அந்தப் பெண்கள் நிற்க ஒரு ஓலைப்பந்தல் கேட்டு, திங்கட்கிழமை முதலாளியைப் பார்க்கப் போகிறேன்.