மஞ்சள் காமாலை என்று சொல்லி வைத்தோம்

பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தூக்கம் நின்றுபோனது. இண்டூரிலிருந்து தருமபுரிக்குத் தினமும் டவுன் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்வருவேன். வந்து படுத்தால் அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறவள், அந்த மழைக்காலத்தில் விடிய விடிய உட்கார்ந்து எழுதினேன். வேதியியல் முழுவதையும் எளிய தமிழில் எழுதி முடித்துவிடுவதாகத் திட்டம். தாள் தீர்ந்ததும் பட்டுப்புழு வளர்க்கிற கொட்டகையின் சுவரில் சாக்பீஸால் எழுதினேன். களைப்பே இல்லை. அதற்கு முன்போ பின்போ நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரு நாள் கல்லூரிக்குப் போகாமல் பென்னாகரம் பஸ் ஏறி, அங்கிருந்து ஒகேனக்கல் போய்ச் சேர்ந்தேன். அக்கரையில் இருப்பவர்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டும், உடனே கொண்டுபோய் விடுங்கள் என்று ஒரு பரிசல்காரரிடம் கேட்டிருக்கிறேன். அவர் மறுத்துப் பேசவில்லை. தண்ணீர் கொஞ்சம் இறங்கட்டும் என்று சொல்லி, மீன் வறுக்கிற கடையில் என்னை உட்கார வைத்துவிட்டு, என் போனை வாங்கி அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா வந்து சேரும்வரை கடைக்கார அம்மாவுக்கு எண்ணெய் ஏன் பொங்குகிறது என்று வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேனாம். எனக்கு இதெல்லாம் அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது.

பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மனநிலை ஏறி இறங்குகிற நோய், ஏறும்போது இப்படி, இறங்கும்போது எழுந்திருக்கவே முடியாது என்று டாக்டரம்மா விளக்கினார். சர்க்கரை, பிரஷர் மாதிரி இதுவும் கூடவே இருக்கும், மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் எல்லோரையும்போல் படிக்கலாம், வேலைக்குப் போகலாம் என்றார். அம்மாவின் காதில் "கூடவே இருக்கும்" மட்டும் விழுந்தது. எனக்குக் கொடுத்த மாத்திரை லித்தியம். தனிம அட்டவணையில் மூன்றாவதாக உட்கார்ந்திருப்பது. சுடரில் காட்டினால் கருஞ்சிவப்பாக எரியும் என்று முதலாண்டில் படித்து மதிப்பெண் வாங்கியிருந்தேன். அதைத் தினமும் விழுங்க வேண்டியிருக்கும் என்று நினைத்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் கல்லூரியில் என்ன சொல்வது என்ற பேச்சு எழுந்தது. அம்மாவே முடிவு செய்தாள். மஞ்சள் காமாலை. வாரக்கணக்கில் படுக்க வைக்கிற நோய், யாருக்கும் வருகிற நோய், யாரும் தப்பாக நினைக்காத நோய். நாளைக்கு உன்னை ஓர் இடத்தில் கொடுக்க வேண்டாமா என்று கேட்டாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்கிற தெம்பு என்னிடம் இல்லை.

மஞ்சள் காமாலைக்குக் கிடைத்த மரியாதையை இப்போதும் மறக்க முடியவில்லை. துறைத் தலைவரே கூப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள், வருகைப் பதிவைப் பற்றிக் கவலைப்படாதே என்றார். என்னோடு ஆய்வகத்தில் ஒரே மேசையில் நிற்கிற தோழி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், தினமும் தோட்டத்து வரப்பில் கீழாநெல்லி பறித்து, அவளே அரைத்து, மோரில் கலந்து பாட்டிலில் கொண்டுவருவாள். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள். எண்ணெய்ப் பலகாரம் எதையும் என்னைத் தொட விடமாட்டாள். இல்லாத நோய்க்குப் பத்தியம் இருந்துகொண்டு, இருக்கிற நோய்க்குக் கழிவறையில் ஒளிந்து மாத்திரை போட்டுக்கொண்டேன்.

ஆனால் மஞ்சள் காமாலை போய்விடும். போயே ஆக வேண்டும். எனக்கு இருந்தது போகவில்லை.

மாத்திரையால் கை நடுங்கியது. டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் தளும்பும். வேதியியல் படிக்கிறவளுக்குக் கை நடுங்கினால் என்ன ஆகும் என்பதை ஆய்வகத்தில் நின்றவர்கள் அறிவார்கள். பியூரெட் என்கிற நீளமான கண்ணாடிக் குழாயின் திருகைப் பட்டும் படாமலும் திருப்பி, கீழே இருக்கிற குடுவையில் துளித்துளியாக விட வேண்டும். நிறம் மாறுகிற அந்த ஒரு துளியில் நிறுத்தினால்தான் கணக்கு. இளஞ்சிவப்பில் நிற்க வேண்டியது எனக்குக் கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விடும். காலை நேரத்தில் இன்னும் மோசம். மாத்திரையின் மப்பு தெளியாமல் நின்றபடியே கண் சொக்கும். ராத்திரியெல்லாம் போனைப் பார்த்தால் இப்படித்தான் என்று ஆய்வகத்தில் திட்டு வாங்கினேன். வாங்கிக்கொண்டு நின்றேன். காமாலை வந்து போனவளுக்கு ஏன் இன்னும் கை நடுங்குகிறது என்று கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

மூன்றாம் ஆண்டு தொடங்கியதும் இறக்கம் வந்தது. அதைச் சோகம் என்று சொல்வதே தவறு. அழக்கூடத் தோன்றாது. காலையில் அம்மா எழுப்புவாள், கண் திறந்திருக்கும், உடம்பு வராது. பல் தேய்ப்பது பெரிய மலையைப் புரட்டுகிற காரியமாக இருக்கும். ஒருவழியாக எழுந்து பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனால் முதல் இரண்டு வகுப்புகள் முடிந்திருக்கும். பல நாள் போகவே இல்லை. வருகைப் பதிவு மறுபடியும் குறைந்தது. துறைத் தலைவர் வகுப்பிலேயே கேட்டார். "ஏம்மா, மறுபடியும் காமாலையா?" பின் வரிசையில் சிரித்தார்கள். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான், நாங்கள் சொல்லி வைத்தது அவ்வளவுதான்.

அன்று மதியம்தான் மாணவர் மனநல ஆலோசனை மையம் என்று பலகை மாட்டிய அறைக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே இருந்தது. உள்ளே வாலிபால் வலை, உடைந்த கேரம் பலகைகள், சுதந்திர தினத்துக்குக் கட்டுகிற தோரணங்கள். பொறுப்பாளர் தாவரவியல் பேராசிரியை. விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவில் மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு யாராவது ஆலோசனை சொல்லுங்கள் என்று அவரே கேட்பார் போலிருந்தது. ஒருவேளை அதனால்தான் எனக்குச் சொல்ல முடிந்ததோ என்னவோ. வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வெளியே முதல் தடவையாக நோயின் பெயரைச் சொன்னேன். ஒகேனக்கல்லைச் சொன்னேன். கீழாநெல்லியைச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது.

அவர் டிபன் பாக்ஸை மூடி வைத்தார். "எனக்கு இதுல பயிற்சின்னு ஒண்ணும் கிடையாதும்மா. ஒரு நாள் கூட்டத்துக்குப் போனேன், டீ குடுத்தாங்க, சர்டிபிகேட் குடுத்தாங்க. தைரியமா இருன்னு சொல்லலாம், அது உனக்கு உதவாது. என்ன பண்ணுனா உன்னால படிக்க முடியும்? அத மட்டும் சொல்லு."

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. கோயிலுக்குப் போகச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள், கீரை சாப்பிடச் சொன்னார்கள். யோசித்துப் பார்த்து, ஆய்வகம் காலையில் இல்லாமல் மதியம் இருந்தால் நன்றாக இருக்கும் என்றேன். பியூரெட் திருகை வேறு யாராவது பிடித்தால் நிறுத்த வேண்டிய இடத்தை நான் சொல்லிவிடுவேன் என்றேன். சொல்லி முடித்தபோது இவ்வளவு சின்ன விஷயத்துக்கா ஓராண்டாக வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று அலுப்பாக இருந்தது.

சின்ன விஷயமாக அது நடக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சான்றிதழ் உண்மையான பெயரோடு வேண்டும், பெற்றோர் நேரில் வர வேண்டும் என்றார்கள். வீட்டில் அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். "வாயில சொன்னா காத்தோட போயிரும். காயிதத்துல ஏத்திட்டா அழியுமா?" என்றாள். அவள் பயம் பொய்யில்லை, அதனால் எதிர்த்துப் பேச முடியவில்லை. அப்பா தக்காளிக்குத் தண்ணீர் கட்டப் போனவர் வெகுநேரம் கழித்து வந்து, வியாழக்கிழமை கல்லூரிக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

துறைத் தலைவர் அறையில் அவர், தாவரவியல் பேராசிரியை, அப்பா, நான் என்று நாலு பேர். துறைத் தலைவர் சான்றிதழை இரண்டு முறை படித்தார். பிறகு உண்மையான அக்கறையோடுதான் சொன்னார், ஒரு வருடம் வீட்டில் ஓய்வெடுக்கட்டும், முழுக்கக் குணமாகி வந்தால் நானே சேர்த்துக்கொள்கிறேன் என்று.

அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "குணமாவாதுங்க சார்," என்றார். "ஆஸ்பத்திரியில தெளிவா சொல்லிட்டாங்க. கட்டுக்குள்ள வச்சிக்கலாமாம், அவ்ளோதானுங்க. குணமாவற வரைக்கும் வூட்ல வச்சிருந்தா, பாப்பா எப்பவும் வூட்லதான் இருக்கணும்."

குணமாகாது என்று அப்பா வாய்விட்டுச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. எல்லா அமாவாசைக்கும் எனக்காக எங்கெங்கோ போய்க் கயிறு மந்திரித்து வந்தவர் அவர். துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ஆய்வகத்தை மதியத்துக்கு மாற்றுவது என் கையில் இருக்கிறது, வருகைப் பதிவு பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது என்றார். தாவரவியல் பேராசிரியை, கையில் இருப்பதை முதலில் செய்யலாம் சார் என்றார். அப்படித்தான் அந்தக் கூட்டம் முடிந்தது.

மதியக் குழுவுக்கு மாற்றினார்கள். தோழியும் என்னோடு மாறி வந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னபோது, "முன்னாடியே சொல்லியிருந்தா அந்தக் கருமத்தைத் தினம் அரைச்சிருக்க மாட்டேன்ல," என்றாள். அதன் பிறகு அவள் திருகைப் பிடிப்பாள், நான் குடுவையைப் பார்த்துக்கொண்டு "போதும்" என்பேன். வகுப்பிலேயே எங்கள் விடைகள்தான் மிகச் சுத்தமாக வந்தன.

வருகைப் பதிவுக்காகக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு எழுதினார்கள். தேர்வுகள் முடிந்த பிறகு பதில் வந்தது. நோய் எந்தத் தேதிக்குள் குணமாகும் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி அனுப்பவும் என்று கேட்டிருந்தார்கள். தாவரவியல் பேராசிரியை அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு மடித்து மேசையில் வைத்தார். வருகை குறைந்ததால் அந்தப் பருவத்துத் தாள்களை என்னால் எழுத முடியவில்லை. அடுத்த ஆண்டு எழுதிக்கொள்ளலாம் என்றார்கள்.

அதற்கடுத்த பருவத்துச் செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். துறைத் தலைவர் முன்கூட்டியே பேசியிருந்தார். ஆனாலும் தோழி திருகைப் பிடிப்பதற்குத் தேர்வாளர் ஒப்புக்கொள்ளவில்லை. எழுத முடியாதவர்களுக்கு எழுத ஆள் வைக்க விதி இருக்கிறது, பியூரெட் திருக ஆள் வைக்க விதி இல்லை என்றார். வேண்டுமானால் நேரம் எவ்வளவு ஆனாலும் எடுத்துக்கொள் என்றார். ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முழங்கையை மேசையில் ஊன்றி, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு திருகினேன். கத்தரிப்பூ நிறம். கொட்டிவிட்டு மறுபடி. மறுபடியும் கத்தரிப்பூ. எல்லோரும் முடித்துவிட்டுப் போன பிறகும் உட்கார்ந்திருந்தேன். வெளியே வராந்தாவில் தாவரவியல் பேராசிரியை நின்றுகொண்டிருந்தார். வேதியியல் தேர்வில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. கடைசியில் இரண்டு அளவுகள் ஒத்துவந்தன. தேர்வாளர் குனிந்து குடுவையைப் பார்த்துவிட்டு, சரி, வைத்துவிட்டுப் போ என்றார். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, வரவில்லை. கை ஓய்ந்துபோயிருந்தது. பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வீடு வரை தூங்கினேன்.

மற்றவர்கள் பட்டம் வாங்கி ஓராண்டு கழித்து நான் வாங்கினேன். தோழி ஓசூரில் மாத்திரை தயாரிக்கிற கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறாள். தாவரவியல் பேராசிரியைக்கு வேறு மாவட்டத்துக்கு மாறுதல் வந்தது. போனில் பேசினோம். அங்கேயும் ஆலோசனை மையத்தை அவர் தலையிலேயே கட்டிவிட்டார்களாம். அறையாவது ஒழுங்காக இருக்கிறதா என்று கேட்டேன். ஜன்னல் இருக்கிறது என்றார்.

நான் இப்போது இன்னொரு கல்லூரியில் எம்.எஸ்சி. படிக்கிறேன். சேர்ந்த வாரமே துறைத் தலைவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்றார். பார்த்தால் தெரியாது சார் என்று சொல்லி, ஏற்றம் என்றால் என்ன, இறக்கம் என்றால் என்ன, மாத்திரை என்ன செய்யும் என்றெல்லாம் முதலிலிருந்து விளக்கினேன். நல்லவிதமாகக் கேட்டுக்கொண்டார். வேண்டிய ஏற்பாடுகளும் செய்தார். அடுத்த பருவத்தில் அவர் மாறிப் போய்விட்டார், புதிதாக ஒருவர் வந்தார். அவருக்கும் விளக்கினேன். தேர்வுப் பிரிவில் ஒருமுறை, நூலகத்தில் ஒருமுறை. என் நோயைப் பற்றி நான் பேசிய அளவுக்கு வேதியியலைப் பற்றிப் பேசியதில்லை.

நாளைக்குத் திங்கட்கிழமை. காலை முதல் வகுப்பு குவாண்டம் வேதியியல். போக முடியுமா என்பது எழுந்திருக்கும்போதுதான் தெரியும்.