சோக் இழுக்கிற சீட்டு

விருத்தாசலத்தில் பீங்கான் சூளைகளுக்குப் பின்னால், ஒரு தகரக் கொட்டகையில் அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. இரண்டே சீட்டு. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப இழுக்கிற சோக்கின் கேபிள் அறுந்துபோயிருந்தது. அதை மாற்ற, வேப்பூரில் மெக்கானிக்காக இருக்கும் என்னை அதன் சொந்தக்காரர் வரவழைத்திருந்தார். எழுபது வயதிருக்கும். பேசும்போதெல்லாம் காலியாக இருந்த இடது சீட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வெள்ளைப் பீங்கானில் செய்த சோக் குமிழ், டேஷ்போர்டின் இடது கோடியில் இருந்தது. ஓட்டுகிறவர் சாய்ந்து எட்டித்தான் பிடிக்க வேண்டும்.

“ஸ்டீயரிங் பக்கமா மாத்திடட்டுங்களா? தனியாத்தானே ஓட்டுறீங்க?”

“வேணாங்க. சாவி போடுறது நானு. சோக் இழுக்கிறது பக்கத்துல உக்கார்றவங்க. அப்படியே பழகிப்போச்சு.”

எனக்கு எரிச்சலாக இருந்தது. யார் உட்காருவார் என்று கேட்கவில்லை. புதுக் கம்பியைப் பழைய துளை வழியாகவே விட்டு, கார்புரேட்டரில் முடுக்கினேன். பிறகு இடது சீட்டில் உட்கார்ந்து குமிழை இழுத்தேன். அவர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் இருமிக்கொண்டே பிடித்தது. கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டவர், “இப்ப உள்ள தள்ளுங்க” என்றார். தள்ளியதும் சத்தம் சீரானது. அப்போதுதான் சிரித்தார்.

“நாளைக்குக் காலையில வருவீங்களா?”

“எதுக்குங்க? கேபிளு இனிமே அறாது.”

“ஆமா... அறாதுல்ல.”

நான் இறங்கினேன். சீட்டில் என் பேண்ட்டிலிருந்த கிரீஸ் கறை அப்பியிருந்தது. துணி அவர் கையில்தான் இருந்தது. அவர் துடைக்கவில்லை.